மேடே இல்லாத ஊருக்கு ஒரு சீட்டு

“கடலையே பாக்காத புள்ள, நம்மள எல்லாம் கப்பல்ல ஏத்துதாமா?”

ரைட்டரய்யா இதைச் சொன்னபோது எங்கள் டிராவல்ஸ் கடையில் நிற்கக்கூட இடமில்லை. ஏற்காடு ஏரியைச் சுற்றிக் காலையில் நடக்கிற பெரியவர்கள் மொத்தமாக வந்திருந்தார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார்கள், கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்ட வியாபாரிகள், காப்பி எஸ்டேட் வேலையிலிருந்து வெளியே வந்தவர்கள். கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குக் கப்பலில் போய்வருவது என்று நடக்கும்போதே பேசி முடிவு செய்திருந்தார்கள். முதலாளி சேலத்துக்காரர். என்னைக் கைகாட்டி, “இந்தப் பொண்ணுதான் எல்லாம் பாத்துக்கும், டூரிசம் படிச்சது” என்றார். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

“ராக்கெட் விடறவங்க நிலாவுக்குப் போயிட்டு வந்தா விடறாங்க, அய்யா?”

“நிலா அண்ணாந்து பாத்தா தெரியுது கண்ணு. கடல் எந்தப் பக்கம் தெரியுது, நீயே காட்டு பாப்போம்.”

சிரிப்பு இன்னும் கூடியது. நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு ஏதோ தட்டினேன்.

அவர் என்னைச் சீண்டியதற்கு ஒரு பழைய உரிமை இருந்தது. எஸ்டேட்டில் தினமும் ஆள் கணக்கு எடுத்துப் பேர் போடுகிறவர் ரைட்டர். வாழவந்திப் பக்கம் இருக்கும் எஸ்டேட்டில் என் அம்மா காப்பிப் பழம் பறிக்கப் போன காலத்திலெல்லாம் இவர்தான் ரைட்டர். விடியலில் இவர் வாயால் பேர் வந்தால்தான் அம்மாவுக்கு அன்றைக்கு வேலை. தாமதமாகப் போனால் இவர் நிமிராமலே அரை நாள் என்று சொல்லிவிடுவார். என் அப்பா வழியிலும் அம்மா வழியிலும் எனக்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர்கள் யாரும் இல்லை. நான் சேலத்தில் கல்லூரியில் சேர்ந்தபோது எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் நம்பியவர்கள் குறைவு. “புள்ள பாதியில திரும்பி வந்துரும்” என்று சொன்னவர்களில் ரைட்டரய்யாவும் ஒருவர். நான் திரும்பி வந்தேன், பட்டத்தோடு. அதை அவர் பார்க்கவேண்டும் என்ற ஆசை எனக்கு எப்போதும் உண்டு. கப்பல் பயணம் அந்த ஆசைக்குத் தோதாக வந்து வாய்த்தது என்பதை மறைக்கப்போவதில்லை.

கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தபோது சிரிக்காமல் இருந்தவர் அவருடைய மனைவி மட்டும். எஸ்டேட்டில் எல்லோரும் ரைட்டரம்மா என்றுதான் சொல்வோம். ஓரத்து நாற்காலியில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், சுவரில் ஒட்டியிருந்த தீவுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங் கண்ணு, அந்த ஊருல மேடு இருக்குதா?”

“இல்லீங்கம்மா. அங்க தென்னமரந்தான் உசரம்.”

“நெசமாலுமா? ஏத்தம் எறக்கமே இல்லியா?”

“கொஞ்சங்கூட இல்லீங்க. மணலு, அப்பறம் தென்னந்தோப்பு, மறுபடியும் மணலு. இந்தக் கடல்ல இருந்து அந்தக் கடலுக்கு நடந்தே போயிரலாம்.”

அவர் முழங்காலைத் தேய்ப்பதை நிறுத்தினார். “கல்யாணமாகி இந்த மலைக்கு வந்ததுல இருந்து, ஒண்ணு ஏறோணும், இல்லாட்டி எறங்கோணும். தண்ணிக்கி எறங்கோணும், ரேசனுக்கு ஏறோணும். சும்மா நேரா நடந்ததே இல்ல கண்ணு. அப்ப நான் வர்றேன்.”

ரைட்டரய்யா அவரைத் திரும்பிப் பார்த்தார். “உன்ன ஆரு கூப்புட்டா?”

“பேர் போடு கண்ணு” என்றார் ரைட்டரம்மா, அவரைப் பார்க்காமல்.

நான் போட்டேன்.

அடுத்த வாரங்களில் நான் கொச்சிக்குப் பேசிய பேச்சுக்கு அளவில்லை. அங்கே கப்பலுக்கு இடம் பதிவு செய்து தருகிறவர் மலையாளம் கலந்த தமிழில் பேசுவார். படுக்கை கீழேயா மேலேயா, ஏணி ஏறவேண்டியவர்கள் எத்தனை பேர், கழிவறை வாசலில் படி உண்டா, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, கப்பலில் டாக்டர் எந்நேரமும் இருப்பாரா, மீன் சேராத சாப்பாடு தனியாகச் செய்வார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அவர், “நீங்கள் கப்பலை விலைக்கு வாங்கப் போகிறீர்களா?” என்று கேட்டுவிட்டார்.

எனக்கு உண்மையில் பயம் தந்தது ஒரே ஒரு விஷயம். பெரிய கப்பல் தீவின் கரைவரை போகாது. கொஞ்சம் தள்ளிக் கடலிலேயே நிற்கும். அதன் பக்கவாட்டுக் கதவு வழியாக, அலையில் ஏறி இறங்கும் சின்னப் படகுக்குள் ஒவ்வொருவராகக் கால்வைத்து இறங்கவேண்டும். வீடியோவில் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். படகு மேலே வரும் கணத்தில் கால்வைக்கவேண்டும், கீழே போகும்போது வைத்தால் போச்சு. எழுபது வயதுக்காரர்களை அதற்கு எப்படிப் பழக்குவது?

எங்கள் ஏரியில் படகுத்துறை இருக்கிறது. அங்கே துடுப்புப் படகு ஓட்டும் அண்ணனிடம் பேசி, கூட்டம் இல்லாத ஒரு காலையில் எல்லோரையும் வரச்சொன்னேன். அவர் வேண்டுமென்றே படகை ஆட்டிக்கொடுக்க, ஒவ்வொருவரும் ஏறி இறங்கிப் பழகவேண்டும் என்பது என் திட்டம். முதலாளி வந்து கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தார். “என்னம்மா, கப்பல் படைக்கா ஆள் எடுக்கறே?” என்றார்.

வாத்தியார் ஒருவர் படகில் கால்வைத்துவிட்டு அங்கேயே குந்திக்கொண்டார், எழமாட்டேன் என்றார். ரைட்டரய்யா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பீரமாக வந்து, படகு கீழே போகும்போது கால்வைத்துத் தடுமாறி, படகோட்டியின் கழுத்தைக் கட்டிப்பிடித்தார். “தாலி கட்டறதுக்கு முன்ன கட்டிப்புடிக்கக் கூடாதுங்க” என்றார் படகோட்டி. துறையே சிரித்தது. ரைட்டரம்மா சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படகையே பார்த்து நின்றார். அது மேலே வந்தது. கால்வைத்தார். உட்கார்ந்தார். பிறகு அதேபோல் இறங்கினார். வழுக்குப் பாதையில் குடம் சுமந்த கால் அது.

“கப்பல் ரூம்புக்கு வாசல் சின்னதா இருக்கும்னியே, எவ்வளவு சின்னது?” என்று என்னிடம் கேட்டார்.

“கொஞ்சம் குனியோணும்ங்க.”

“சேர்வராயன் குகைக் கோயிலுக்குள்ள போறாப்புலயா?”

“அந்தளவுக்கு இல்லீங்க. அங்க முதுகே ஒடிஞ்சிருமே.”

“அப்ப ஒண்ணும் பயமில்ல” என்றார்.

அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்துபோனபோது எனக்கு என் மேலேயே ஒரு மதிப்பு வந்தது. கப்பல் வரை வந்துவிட்டோம் என்று நினைத்தேன். கப்பலுக்கு முன்னால் ஒரு மலைப்பாதை இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. பிறந்ததிலிருந்து ஏறி இறங்கும் பாதை, அதைத் திட்டத்தில் சேர்க்கவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் ஒரு ஒத்திகைப் பயணம் வைத்தேன். வேனில் சேலத்துக்கு இறங்குவது, ரயில் நிலையத்தில் பெட்டியோடு படி ஏறிப் பார்ப்பது, ஒரு ஹோட்டலில் சாப்பிடுவது, திரும்புவது. யார் எங்கே களைக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அதற்கு முந்தின நாள் எல்லோருக்கும் போனில் செய்தி அனுப்பினேன். வசதியான செருப்பு, சால்வை, தண்ணீர் பாட்டில். காலை மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொண்டு வரவும்.

மழையில் பழைய பாதையில் மண் சரிந்திருந்ததால் வேன் குப்பனூர் வழியாக இறங்கியது. வளைவுகள் தொடங்கியதும் பேச்சு குறைந்தது. அது வழக்கம்தான். எங்கள் மலையில் வண்டி இறங்கும்போது எல்லோரும் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார்கள். வேனுக்குள் எலுமிச்சை வாசனையும் ஆரஞ்சுத் தோல் வாசனையும் நிறைந்திருந்தது.

பாதி மலை இறங்கியிருப்போம். ரைட்டரம்மாவின் தலை ஜன்னல் கம்பியில் இடித்துக்கொண்டே வந்தது. தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு ஏதோ சொன்னார். வார்த்தை குழறியது. நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை ஊற்றியது. அந்தக் குளிரில் வேர்வை.

“கிறுகிறுப்புதான். வளைவுல அப்படித்தான் வரும்” என்றார் ரைட்டரய்யா. பின்சீட்டிலிருந்து எலுமிச்சம்பழம் வந்தது. “வாய்க்கு எதுவும் குடுத்துறாதீங்க, குடுத்தா வாந்தி வந்துரும்” என்று இரண்டு மூன்று பேர் ஒரே குரலில் சொன்னார்கள்.

நான் அவர் கையைப் பிடித்தேன். ஈரமாக, சில்லென்று இருந்தது.

“அம்மா, காலையில என்ன சாப்டீங்க?”

அவர் பதில் சொல்லும் நிலையில் இல்லை. ரைட்டரய்யா என்னை முறைத்தார்.

“வண்டி ஏறும்போது ஆரு சாப்புடுவாங்க?”

“மாத்திரை?”

“போட்டா. நீதானே போடச் சொல்லியிருந்தே.”

மலையிலிருந்து வண்டியில் இறங்குகிற நாளில் யாரும் சாப்பிடமாட்டோம். தண்ணீர்கூடக் குடிக்கமாட்டோம். வெறும் வயிறாக இருந்தால் வளைவு ஒன்றும் செய்யாது என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம். அம்மா ஒவ்வொரு முறையும் கல்லூரிக்கு என்னைப் பட்டினியாகத்தான் பஸ் ஏற்றிவிட்டார். அந்த வேனில் இருந்த யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. நானும் சாப்பிடவில்லை. சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையை விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு வந்திருந்தார் ரைட்டரம்மா, நான் எழுதியதை அப்படியே கேட்டு. மாத்திரையை நினைவுபடுத்த எனக்குத் தெரிந்தது. சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று எழுத என் கைக்கு வரவில்லை, ஏனென்றால் நானும் இந்த மலைக்காரிதான்.

டிரைவர் பையில் வெல்லம் போட்ட கடலைமிட்டாய் வைத்திருந்தார். அது இந்த நேரத்துக்கு ஆகாது, தொண்டையில் சிக்கும். குப்பனூரில் முதல் டீக்கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். கல்லூரியில் முதலுதவி வகுப்பில் சொல்லிக்கொடுத்தது நினைவில் இருந்தது. விழுங்க முடிகிறதா என்று பார்த்து, சர்க்கரை கரைத்த தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுத்தேன். ரைட்டரய்யா, மனைவியின் செருப்பு ஒன்று வேன் படியில் கழன்று விழுந்ததைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, அதைத் தரையில் போடாமல், என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

கொஞ்ச நேரத்தில் ரைட்டரம்மாவுக்குக் கண் தெளிந்தது. சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்.

“என்ன எல்லாரும் எழவு ஊட்டுக்கு வந்தாப்புல நிக்கறீங்க?” என்றார்.

அவரை அப்படியே சேலத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். ஒத்திகை அத்தோடு முடிந்தது. மற்றவர்களை வேன் சாப்பாட்டுக்குக் கொண்டுபோனது. டாக்டர் அறையில் நாங்கள் மூன்று பேர். டாக்டர் பேசியதெல்லாம் ரைட்டரய்யாவிடமும் என்னிடமும்தான். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டதால் சர்க்கரை இறங்கிவிட்டது, இப்போதைக்கு ஆபத்து இல்லை, ஆனால் மாத்திரையை மாற்றவேண்டியிருக்கும், அடுத்த வாரம் வந்தால் இதயத்தையும் பார்த்துவிட்டுப் பயணம் போகலாமா வேண்டாமா என்று சொல்கிறேன் என்றார். ரைட்டரம்மா கட்டிலில் உட்கார்ந்து சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதையும் யாரும் அவரிடம் கேட்கவில்லை. அப்போது அது எனக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் ரைட்டரய்யா கடைக்கு வந்தார். நின்றுகொண்டே பேசினார்.

“அவ வரல. அவ எடத்துல என்ற மச்சினன் வருவான். பேர மாத்திரு.”

“டாக்டர் அடுத்த வாரம் வரச் சொன்னாருங்களே, அய்யா.”

“எதுக்கு? ஒருக்கா பாத்தது போதாதா?”

முதலாளி உள்ளேயிருந்து வந்து, “அய்யா சொல்றதுதான் சரி” என்றார். ரைட்டரய்யா போனபிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தினார். “ரோட்டுல ஆனதே பெரிசு. நடுக்கடல்ல ஏதாச்சும் ஆச்சுன்னா என்னம்மா பண்ணுவே? ஊருக்குள்ள நான் கடை வெச்சுப் பொழைக்கோணும். நீயும் இங்கதானே இருக்கோணும்?”

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் என்னை வருத்தியது. பேரை எடுப்பது நியாயமாகவும் இருந்தது, எளிதாகவும் இருந்தது. கொச்சிக்கு ஒரு போன். ஆனாலும் அன்று நான் பண்ணவில்லை. அடுத்த நாளும் ஏதோ வேலையைச் சொல்லித் தள்ளினேன். ரைட்டரம்மா ஏரியில் படகுக்குக் காத்து நின்ற விதம் கண்முன்னால் வந்துகொண்டே இருந்தது. கூடவே வேனில் என் கைக்குள் இருந்த அந்தச் சில்லிட்ட கையும் வந்தது. இரண்டில் எதை நம்புவது என்று தெரியவில்லை. இன்னொன்றும் என்னை அரித்தது. அவர் போகவேண்டும் என்று நான் நினைப்பது அவருக்காகவா, ரைட்டரய்யாவிடம் தோற்கக்கூடாது என்பதற்காகவா?

அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பு வேலையை நிறுத்தவில்லை.

“அது அவங்க ஊட்டு விசயம் சாமி. நாம எதுக்கு நடுவுல போகோணும்?”

“அந்தம்மாவுக்குப் போக ஆசைம்மா.”

“ஆசைப்பட்டா? எனக்குந்தான் எத்தனையோ ஆசை. அந்த மனுசன் நிமிந்து பாத்துப் பேர் சொல்லமாட்டாரான்னு எத்தன நாள் நின்னிருக்கேன். அவர்கிட்டப் போயி நீ எதுத்துப் பேசுவியா?”

“இப்ப அவர் ரைட்டர் இல்லியேம்மா.”

“உனக்கு இல்ல” என்றார் அம்மா.

சந்தை நாளன்று ரைட்டரம்மா தனியாகக் கடைக்கு வந்தார். கையில் காய் வாங்கிய பை. முதலாளி வெளியே போயிருந்தார். நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தேன், உட்காரவில்லை.

“பேர எடுத்துட்டியா கண்ணு?”

“இன்னும் இல்லீங்க.”

“நீ எடுத்துட்டதா அவர் சொன்னாரு. அதான் கேட்டுப் போலாம்னு வந்தேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். ஏற்றம் ஏறி வந்த மூச்சு. “டாக்டரு அவருகிட்டச் சொல்றாரு. அவரு முதலாளிகிட்டச் சொல்றாரு. முதலாளி உங்கிட்டச் சொல்றாரு. மயங்கி விழுந்தது நானு. எங்கிட்ட ஆராச்சும் ஒரு வார்த்த கேட்டீங்களா? மத்தவங்க கேக்காட்டிப் போறாங்க. நீ படிச்ச புள்ள, நீயாச்சும் கேப்பேன்னு பாத்தேன்.”

நான் டாக்டர் அறையில் அவருக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

“பயமா இல்லீங்களாம்மா?”

“இல்லாம என்ன? நொம்பப் பயந்தான். கண்ணு இருட்டும்போது ஒரு பக்கமா இழுத்துட்டுப் போகுது பாரு, அது மறுபடியும் வந்துருமோன்னு இருக்குது. டாக்டரு வேண்டாம்னா நான் அந்தத் தீவுப் படத்தையே பாத்துட்டு உக்காந்துக்கறேன். ஆனா டாக்டரு வேண்டாம்னு சொல்லோணும். எங்கிட்டச் சொல்லோணும்.”

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஏற்றத்தில் மெதுவாக, கடைக்குக் கடை நின்று நின்று போவதைப் பார்த்தேன்.

ரைட்டரம்மாவுக்குத் தெரியாமல் ஏதும் செய்யக்கூடாது, ரைட்டரய்யாவுக்குத் தெரியாமலும் செய்யக்கூடாது என்று தோன்றியது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். ரைட்டரய்யா வாசலில் மிளகு காயப்போட்டு, குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார். ரைட்டரம்மா கதவோரம் வந்து நின்றார்.

“அய்யா, டாக்டர் சொன்ன நாள் இந்த வாரந்தான். அம்மாவ நான் கூட்டிட்டுப் போயிட்டு வர்றேன். நீங்களும் வாங்க. அவரு வேண்டாம்னு சொன்னா உங்க மச்சினன் பேரப் போட்டுக்கலாம்.”

“நீ ஆரு அதச் சொல்றதுக்கு?”

“ஆரும் இல்லீங்க. பயணத்துக்கு ஏற்பாடு பண்றவ.”

குச்சி நின்றது. அவர் குரல் உயரும் என்று எதிர்பார்த்தேன். உயரவில்லை.

“வேன்ல நீ அவ கையப் புடிச்சியே, எப்படி இருந்துச்சு?”

“சில்லுன்னு இருந்துச்சுங்க.”

“அதுக்கு முன்னாடி வளைவுல இருந்தே நான் புடிச்சிருந்தேன். எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும், ஆரும் சிரிக்கக்கூடாதேன்னு கிறுகிறுப்புன்னு சொல்லிட்டு உக்காந்திருந்தேன்.” மிளகைத் திரும்பக் கிளறினார். “அங்க டீக்கட இருந்துச்சு. கடல்ல என்ன இருக்குது?”

ரைட்டரம்மா கதவோரத்திலிருந்து ஒரு அடி முன்னால் வந்தார்.

“நீங்க போயி நாலு நாள் கடல்ல இருக்கும்போது நான் இங்க தனியா விழுந்தா, இங்க என்ன இருக்குது?”

ரைட்டரய்யா குச்சியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சீண்டல் திரும்பி வந்திருந்தது, ஆனால் முழுதாக வரவில்லை.

“நான் வரல. நீயே கூட்டிட்டுப் போ. கடலத்தான் பாத்ததில்ல, டாக்டரையாச்சும் ஒழுங்காப் பாத்துட்டு வா.”

சம்மதமா கோபமா என்று புரியாமல் திரும்பினேன். மறுநாள் காலை முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். “ஏதாவது ஆச்சுன்னா பேச்சு உம்மேலதான் வரும், தெரிஞ்சுக்கோ” என்றார். தெரியும் என்றேன். அவர் முன்னாலேயே கொச்சிக்குப் போன் செய்து, ரைட்டரம்மா பேரை வார முடிவுவரை மாற்றவேண்டாம் என்று சொன்னேன். கீழ்ப்படுக்கை, கதவுக்குப் பக்கத்தில் உள்ளதையே வைத்திருங்கள் என்றும் சொன்னேன். பிறகு கூட்டத்தில் உள்ள எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பினேன். மலை இறங்கும் நாளில் சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டி ஏறவேண்டும், சாப்பிடாமல் மாத்திரை போடக்கூடாது, யார் யாருக்கு என்ன மாத்திரை என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு எனக்குச் சொல்லவேண்டும். வாத்தியார் ஒருவர் உடனே பதில் போட்டார்: வாந்தி வந்தால் பொறுப்பு யார்?

டாக்டரிடம் போகும் நாள் காலையில் நானும் சாப்பிட்டேன். அம்மா எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு பஸ்ஸ நாறடிக்கப் போறே” என்றார். ஆனாலும் இன்னொரு இட்லி வைத்தார்.

ரைட்டரம்மா பஸ் நிற்கும் இடத்துக்கு எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். முகம் கொஞ்சம் வெளிறி இருந்தது.

“சாப்டீங்களாம்மா?”

“ரெண்டு இட்லி. அவரு எதுத்தாப்புலயே உக்காந்துட்டாரு, நான் முழுங்கறனா துப்பறனான்னு. பொண்ணு பாக்க வந்தப்பக்கூட அப்படிப் பாத்ததில்ல.”

பஸ்ஸில் அவரை முன்பக்கம் உட்காரவைத்தேன். என் பையில் குளுக்கோஸும் பிளாஸ்டிக் உறையும் இருந்தன. வளைவுகளில் எனக்குத்தான் குமட்டியது. நிறைந்த வயிற்றோடு அந்தப் பாதையில் நான் இறங்கியது அதுவே முதல் தடவை. அவர் தன் எலுமிச்சம்பழத்தை என் கையில் திணித்தார். அவ்வப்போது அவர் விரல்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். சூடாகத்தான் இருந்தன. ஆனாலும் டாக்டர் என்ன சொல்வார் என்ற நினைப்பு வயிற்றுக்குள் இட்லியைவிடப் பாரமாகக் கிடந்தது. வேண்டாம் என்று சொன்னால், திரும்பி ஏறும்போது இவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? போகலாம் என்று சொன்னால், கடலில் ஒவ்வொரு நாளும் இந்தக் கையை யார் தொட்டுப் பார்ப்பது?

எங்கள் முறை வந்தது. உள்ளே மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள் இருந்தன. டாக்டருக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் ரைட்டரம்மாவை உட்காரவைத்தேன். இன்னொன்றில் நான் உட்காரவில்லை. அவருக்குப் பின்னால் போய் நின்றேன்.

டாக்டர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். “சொல்லும்மா, எப்படி இருக்காங்க?”

“அவங்ககிட்டயே கேளுங்க சார்” என்றேன்.